பழைய காரின் ஷொக் அப்சோபரை வீட்டிலேயே மாற்றுவது: முழுமையான வழிகாட்டி

ஷொக் மாற்றிய கார் சில மாதங்களிலேயே மறுபடி தட்டத் தொடங்கினால், பழி பெரும்பாலும் புது ஷொக்கின் மேல்தான் விழும். கழற்றிப் பார்த்தால் காரணம் வேறாக இருக்கும். வெடித்துப்போன மேல் மவுண்டை (ஷொக்கின் உச்சியைக் காரின் உடம்போடு பிடிக்கும் ரப்பர் பதித்த தட்டு) அப்படியே திரும்பப் போட்டிருப்பார்கள். ஷொக் முழுதாக அமரும்போது இடியைத் தாங்கும் பம்ப் ஸ்டொப்பர் தூளாகியிருக்க, அதை எறிந்துவிட்டுப் புதிது போடாமல் விட்டிருப்பார்கள். அல்லது சில்லு அந்தரத்தில் தொங்கும்போதே ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை இறுக்கியிருப்பார்கள். ஷொக்கைக் கழற்றிப் பூட்டுவது ஸ்பனர் பிடித்துப் பழகிய எவருக்கும் இயலும். செய்த வேலை எத்தனை வருடம் நிற்கும் என்பதை அதைச் சுற்றியுள்ள சின்னச் சாமான்களே தீர்மானிக்கின்றன.

இங்கே சொல்வது யாழ்ப்பாணத்தில் இன்னும் ஓடும் எண்பதுகள், தொண்ணூறுகளின் ஜப்பான் கார்களுக்கும் மாருதி 800 போன்ற சின்னக் கார்களுக்கும் பொருந்தும். இவற்றில் பெரும்பாலானவற்றின் முன்பக்கத்தில் இருப்பது மக்பேர்சன் ஸ்ட்ரட்: ஷொக்கும் அதைச் சுற்றிய ஸ்பிறிங்கும் ஒரே தூணாக நிற்கும். பழைய ஆங்கிலக் கார்களான மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ ஃபோர்ட்டி வைத்திருப்பவர்களுக்கான குறிப்பு கடைசியில் தனியாக உண்டு. அவற்றின் அமைப்பே வேறு.

பிழை ஷொக்கில்தானா?

காரின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிறிங். அந்த ஸ்பிறிங்கின் ஆட்டத்தை அடக்குவது ஷொக். உள்ளேயிருக்கும் பிஸ்டன் ஒயிலைச் சிறு வால்வுகளுக்குள்ளால் தள்ளும்போது ஆட்டத்தின் வலு சூடாக மாறி வெளியேறிவிடும். ஆகவே கார் ஒரு பக்கம் தாழ்ந்து நின்றால் ஷொக்கை மாற்றிப் பயனில்லை. ஸ்பிறிங் தளர்ந்திருக்கும் அல்லது ஒரு சுருள் உடைந்திருக்கும். கடற்கரைப் பக்கத்துக் கார்களில் ஸ்பிறிங்கின் அடிச் சுருள் துருப்பிடித்து முறிவது புதினமல்ல. அதையும் குனிந்து பார்த்துவிடுங்கள்.

ஷொக் போய்விட்டதற்கு நம்பத்தகுந்த அடையாளங்கள் மூன்று. உடம்பில் ஒயில் வழிந்து செம்மண்ணோடு சேர்ந்து களியாக ஒட்டியிருப்பது முதலாவது. சீலுக்குக் கீழே மெல்லிய ஈரக்கசிவு மட்டும் இருந்தால் அவசரமில்லை. சொட்டாக வழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். ரயரில் கையை வைத்துத் தடவும்போது மேடும் பள்ளமுமாக, திட்டுத்திட்டாகத் தேய்ந்திருப்பது இரண்டாவது. சில்லு நிலத்தோடு ஒட்டி ஓடாமல் துள்ளித்துள்ளி ஓடியதால் வரும் தேய்மானம் அது. மூன்றாவது, மதவு ஏறி இறங்கிய பின் கார் ஒருமுறையோடு நிற்காமல் இரண்டு மூன்று தரம் ஆடுவதும், பிறேக் பிடிக்கும்போது மூக்கு ஆழமாகக் குத்துவதும்.

மட்கார்ட்டின் மேல் கையை வைத்து அமத்தி விட்டுப் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்த சோதனை. அதில் தேறாத ஷொக் நிச்சயம் போனதுதான். ஆனால் அதில் தேறியதால் மட்டும் ஷொக் நல்லது என்று ஆகாது. கையால் அமத்தும் வேகம் குறைவு, பாதி போன ஷொக்கும் அந்த வேகத்தைத் தாங்கிக் காட்டும்.

ஒழுங்கைக்குள் சின்னச் சின்னக் கற்களில் ஏறும்போது மட்டும் 'டக் டக்' என்று கேட்டால் முதலில் ஸ்டபிலைசர் லிங்க் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் ஸ்டபிலைசர் பாரின் இணைப்புக் கம்பி), போல் ஜொயின்ற், மேல் மவுண்ட் ஆகியவற்றைப் பாருங்கள். நின்ற இடத்தில் ஸ்டியறிங்கைத் திருப்பும்போது பொனட்டுக்குள் 'டொங்' என்று கேட்டால் மேல் மவுண்டின் பெயறிங். இவை எதற்கும் ஷொக் பொறுப்பல்ல.

வாங்க வேண்டியவை

ஷொக்கைச் சோடியாகவே வாங்குங்கள்: முன் இரண்டு, அல்லது பின் இரண்டு. ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் பழையதுமாக ஓடும் கார், வேகத்தில் பிறேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுக்கும். முன் ஸ்ட்ரட்டில் இடதும் வலதும் வெவ்வேறு. பிறேக் குழாயைப் பிடிக்கும் கொளுக்கி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். கடையில் 'கொரோலா' என்று மட்டும் சொன்னால் போதாது. பொனட்டைத் திறந்து, எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகட்டில் மொடல் குறியீட்டைப் படம் எடுத்துக் கொண்டுபோங்கள். ஏஈ 100 வேறு, ஏஈ 110 வேறு.

ஒவ்வொரு முன் ஸ்ட்ரட்டுக்கும் கூடவே வாங்க வேண்டியவை: மேல் மவுண்ட் ஒன்று, அதன் பெயறிங் தனியாக வருமானால் அதுவும், பம்ப் ஸ்டொப்பர், டஸ்ட் கவர், ஸ்பிறிங்கின் மேலும் கீழும் வரும் ரப்பர் இருக்கைகள், தண்டின் உச்சிக்குப் புதிய லொக் நட். கழற்றியபின் பார்த்து வாங்கலாம் என்று விடாதீர்கள். இருபது முப்பது வருட வெயிலில் கிடந்த பம்ப் ஸ்டொப்பர் கையால் தொட்டதும் உதிரும், கார் அந்தரத்தில் நிற்கும், கடை பூட்டியிருக்கும். பம்ப் ஸ்டொப்பர் இல்லாமல் ஓடினால், பள்ளத்தில் விழும் ஒவ்வொரு தடவையும் பிஸ்டன் அடியில் போய் இடிக்கும். புது ஷொக்கின் வால்வு அதிலேயே உடைந்துவிடும்.

கேவைபி, டொக்கிக்கோ, மொன்ரோ, காபிரியல் போன்ற பெயர்கள் எங்கள் கடைகளில் பழக்கமானவை. பெட்டியையும் பெயரையும் மட்டும் நம்பாமல் தண்டைப் பாருங்கள்: குரோம் பூச்சில் ஒரு கீறலும் இருக்கக்கூடாது, நிமிர்த்திப் பிடித்து நாலைந்து தடவை அமத்தி இழுத்தபின் எங்கும் வெற்று இடம் தட்டுப்படக்கூடாது. கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து வரும் ரீகண்டிஷன் ஷொக் மலிவு. ஆனால் இன்னொரு காரில் தேய்ந்த சீல் அது, உங்கள் காரில் எவ்வளவு காலம் பிடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வெட்டித் திறந்து ஒயில் விட்டு வெல்டிங் வைத்துத் தரும் ஷொக்கை வாங்கவே வாங்காதீர்கள். கையால் அமத்தும்போது இறுக்கமாக இருக்கும். வால்வு தேய்ந்தது தேய்ந்ததுதான்.

எண்பதுகளின் சில கார்களில், உதாரணமாக கேஈ 70 கொரோலாவில், ஸ்ட்ரட் குழாயும் சில்லுத் தண்டும் ஒரே துண்டு. அவற்றில் குழாயைக் கழற்றி எறிய முடியாது. உச்சியிலுள்ள பெரிய நட்டைத் திறந்து உள்ளேயிருப்பதை மட்டும் மாற்ற வேண்டும். புதிய உள்ளீட்டை இறக்கும் முன் குழாய்க்குள் கொஞ்சம் ஒயில் விட்டுவிடுங்கள். உள்ளீட்டின் சூடு வெளிக் குழாய்க்குக் கடக்க அது தேவை. விளிம்புவரை அல்ல, உள்ளீடு இறங்கியபின் நிரம்பி வழியாத அளவுக்கு.

இடமும் ஆயுதங்களும்

சீமெந்துத் தரை வேண்டும். வளவுக்குள் மணலில் வேலை செய்வதானால் ஜக்குக்கும் ஸ்டாண்டுக்கும் கீழே இரண்டு அங்குலத் தடிப்புப் பலகை போடுங்கள். மாரிக்குப் பின் ஈரமாயிருக்கும் மண்ணில் பலகை போட்டும் செய்ய வேண்டாம். சீமெந்துக் கல்லை அடுக்கி அதன்மேல் காரை நிறுத்துவது இங்கே வழக்கம். அந்தக் கல் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வெடித்து நொறுங்கும். ஸ்டாண்ட் இரண்டு வாங்குங்கள், அல்லது இரவல் எடுங்கள்.

சொக்கெட்டுகள் 12, 14, 17, 19, 21. சில கார்களின் கீழ் போல்ட்டுக்கு 22. நீண்ட பிடியுள்ள பவர் பார், ரோர்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பனர்), கம்பித் தூரிகை, சுத்தியல், பெயின்ற் பேனை, உறுதியான கம்பி ஒரு மீற்றர், ஸ்பிறிங் கொம்பிறசர் (ஸ்பிறிங்கை அமத்திப் பிடிக்கும் கருவி) ஒரு சோடி. முதல்நாள் பின்னேரமே எல்லா நட்டுகளையும் தூரிகையால் துப்புரவாக்கித் துருநீக்கி ஒயில் அடித்துவிடுங்கள். பண்ணைப் பாலத்தாலும் காரைநகர்ப் பாதையாலும் நாளாந்தம் கடலைக் கடந்து போய்வரும் கார்களுக்கு ஒருமுறை போதாது; இரவும் ஒருதரம் அடியுங்கள். ஷொக்கின் உடம்பை அண்டிய நட்டைக் காஸ் சுவாலையால் சூடாக்குவது ஆபத்து. உள்ளே அழுத்தத்தில் வாயுவும் ஒயிலும் இருக்கின்றன.

முன்பக்கம்: கழற்றுதல்

ஹான்ட் பிறேக் போட்டு, பின் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கார் நிலத்தில் நிற்கும்போதே சில்லு நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். பொனட்டைத் திறந்து, மவுண்டின் நடுவிலுள்ள தண்டு நட்டையும் இப்போதே அரைச் சுற்று மட்டும் தளர்த்தலாம். அரைச் சுற்றோடு நிறுத்துங்கள். அந்த நட்தான் ஸ்பிறிங்கைப் பிடித்து வைத்திருக்கிறது.

முன்பக்கத்தின் இரு சில்லுகளையும் தூக்கி, இரு பக்கமும் ஸ்டாண்ட் வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் ஸ்டபிலைசர் பார் முறுக்குப்பட்டு நிற்கும், லிங்க் கழற்றும்போது அது அடிக்கும். கழற்றிய சில்லைக் காரின் சட்டத்துக்குக் கீழே படுக்க வைத்துவிடுங்கள். ஸ்டாண்ட் தவறினாலும் கார் அதன்மேல் நிற்கும்.

ஸ்ட்ரட்டின் கீழ்ப்பகுதி நக்கிளோடு (சில்லைத் தாங்கி ஸ்டியறிங்கோடு திரும்பும் இரும்பு) சேரும் இடத்தில் இரண்டு பெரிய போல்ட்டுகள் இருக்கும். எதையும் திறக்கும் முன், அந்த இடத்தில் ஸ்ட்ரட்டின் விளிம்பையும் நக்கிளையும் சேர்த்துப் பெயின்ற் பேனையால் கோடு போடுங்கள். சில்லின் சாய்வு இந்த இடத்தில்தான் தீர்மானமாகிறது. மேலே மவுண்ட் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு பிறேக் குழாயின் கொளுக்கியையும், ஏபிஎஸ் இருந்தால் அதன் வயரையும், ஸ்ட்ரட்டில் பூட்டப்பட்டிருந்தால் ஸ்டபிலைசர் லிங்கையும் விடுவியுங்கள். லோவர் ஆமுக்கு (நக்கிளின் அடியைக் காரோடு இணைக்கும் கை) கீழே ஜக்கை முட்டுக் கொடுங்கள், தூக்க வேண்டாம். கீழ் போல்ட்டுகளின் தலையைப் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்புங்கள். பல கார்களில் போல்ட்டின் கழுத்தில் பல் இருக்கும், தலையைத் திருப்பினால் துளை தேய்ந்துவிடும். நட்டை முழுதாகக் கழற்றாமல் போல்ட்டின் நுனியோடு மட்டமாக வைத்து அதன்மேல் அடித்தால் புரி கெடாது.

இரண்டு போல்ட்டும் வெளியே வந்ததும் நக்கிள் வெளிப்பக்கம் சாயும். அப்படிச் சாயவிட்டால் இரண்டு கேடு: பிறேக் குழாய் இழுபடும், டிரைவ் ஷாப்ட்டின் உள் ஜொயின்ற் கழன்று வெளியே வரும். ஆகவே போல்ட்டை எடுக்கும் முன்பே நக்கிளைக் கம்பியால் உட்பக்கமாகக் கட்டிவிடுங்கள். மேலே மூன்று நட்டில் இரண்டைக் கழற்றி, ஒரு கையால் ஸ்ட்ரட்டைத் தாங்கியபடி மூன்றாவதைக் கழற்றுங்கள். நடு நட்டைத் தொட வேண்டாம்.

ஸ்பிறிங்கை அமத்துதல்

இந்த முழு வேலையிலும் உயிருக்கு ஆபத்தான கட்டம் இதுதான். அமத்திய ஸ்பிறிங்குக்குள் சில நூறு கிலோ விசை அடைபட்டிருக்கும். கயிற்றாலோ கட்டுக் கம்பியாலோ சுற்றிக் கட்டிவிட்டு நடு நட்டைத் திறப்பதைச் சில இடங்களில் காணலாம். அதைச் செய்யவே கூடாது.

கொம்பிறசர் கையில் இல்லையென்றால், அல்லது அதன் கொளுக்கிகளில் தேய்மானமோ வெடிப்போ தெரிந்தால், ஸ்ட்ரட் இரண்டையும் கழற்றியபடியே கராஜுக்குக் கொண்டுபோய், ஸ்பிறிங் மாற்றுவதை மட்டும் அங்கே செய்வித்து வாருங்கள். செலவில் பெரும்பகுதி அப்போதும் மிஞ்சும். முதல்தடவை செய்பவர்களுக்கு நாங்கள் சொல்வதும் இதைத்தான்.

தானே செய்பவர்கள்: கொம்பிறசரின் புரிகளுக்குக் கிறீஸ் பூசுங்கள். இரண்டு கொளுக்கிச் சட்டங்களையும் ஒன்றுக்கொன்று நேரெதிராக, முடிந்தளவு அதிக சுருள்களைப் பிடிக்குமாறு மாட்டுங்கள். ஒரு பக்கம் மூன்று நான்கு சுற்று, மறுபக்கம் அதேயளவு என்று மாறிமாறிக் கையால் இறுக்குங்கள். காற்று கன் வேண்டாம். ஸ்ட்ரட்டின் இரு முனைகளுக்கும் நேரே எவரும் நிற்கக்கூடாது. ஸ்பிறிங் தன் இருக்கையில் கையால் அசைக்கும் அளவுக்குத் தளர்ந்ததும் நிறுத்துங்கள். அதன்பிறகே நடு நட். தண்டு கூடச் சுற்றினால் அதன் நுனியில் உள்ள தட்டையான இடத்தை அல்லது அலன் துளையைப் பிடியுங்கள். தண்டின் குரோம் பகுதியைப் பிளையர்ஸால் கடிப்பது அந்த ஷொக்கின் சீலை அன்றே அறுப்பதற்குச் சமம்.

புதியதைப் பூட்டுதல்

கடையில் படுக்கையாகக் கிடந்த ஷொக்கில் வாயு ஒயிலுக்குள் கலந்திருக்கும். இரட்டைக் குழாய் ஷொக்கை (ஒன்றுக்குள் ஒன்றாக இரு குழாய் உள்ள வகை) நிமிர்த்திப் பிடித்து, முழுதாக அமத்தி முழுதாக இழுத்து நாலைந்து தடவை செய்யுங்கள். முதலில் தட்டுப்படும் வெற்றிடம் போய், அசைவு சீராகும். இதைச் செய்யாமல் பூட்டிவிட்டு 'புது ஷொக்கும் தட்டுகிறது' என்று திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு.

பம்ப் ஸ்டொப்பர், டஸ்ட் கவர், ரப்பர் இருக்கை, ஸ்பிறிங், மேல் இருக்கை, பெயறிங், மவுண்ட் என்று கழற்றிய வரிசைக்குத் தலைகீழாகத் திரும்ப ஏற்றுங்கள். ஸ்பிறிங்கின் அடி நுனி கீழ் இருக்கையிலுள்ள படியில் சரியாக முட்ட வேண்டும். ஒரு விரல் அகலம் விலகியிருந்தாலும் ஸ்டியறிங் திருப்பும்போது ஸ்பிறிங் குதித்துச் சத்தமிடும். டொயோட்டாக்களில் மேல் இருக்கையில் 'அவுட்' என்று பொறித்திருந்தால் அது காரின் வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். புதிய நடு நட்டைப் போட்டு இறுக்கிய பின்னரே கொம்பிறசரை மாறிமாறித் தளர்த்துங்கள்.

காரில் ஏற்றும்போது மேல் நட் மூன்றையும் கையால் பிடிக்கவிட்டு, கீழ் போல்ட்டுகளைப் போட்டு, பெயின்ற் கோட்டுக்கு நேராக நக்கிளைக் கொண்டுவந்து இறுக்குங்கள். புது ஸ்ட்ரட்டில் பழைய கோடு இருக்காதே என்றால், பழைய ஸ்ட்ரட்டிலுள்ள பாதிக் கோட்டை, இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு, புதியதில் அதே இடத்தில் வரைந்துகொள்ளுங்கள். மேல் நட்டுகளுக்குப் பெரிய விசை தேவையில்லை, கூடினால் மவுண்டின் போல்ட் முறியும். கீழ் போல்ட்டுகள் நேர்மாறு: தொண்ணூறுகளின் கொரோலாக்களில் அவற்றின் இறுக்கம் 200 நியூட்டன் மீற்றரையும் தாண்டும். சின்ன ராட்செட்டால் அந்த இறுக்கம் வராது. உங்கள் மொடலின் மனுவலிலுள்ள எண்ணுக்கு ரோர்க் ரெஞ்சை வைத்து முடியுங்கள்.

பின்பக்கம்

முன் சில்லால் ஓடும் கொரோலா, சனி போன்ற செடான்கள் பலவற்றில் பின்னாலும் ஸ்ட்ரட்தான். வேலை ஏறத்தாழ இதுவே. மேல் நட்டுகளை அடைய பின் ஆசனத்தையும் பக்கத்து மூடியையும் கழற்ற வேண்டிவரலாம்.

மாருதி 800இல் ஸ்பிறிங் வேறாகவும் ஷொக் வேறாகவும் இருப்பதால் கொம்பிறசர் வேண்டியதில்லை. ஆனால் ஷொக்தான் அக்ஸில் கீழே விழாமல் தடுத்து வைத்திருக்கிறது. அக்ஸிலை ஜக்கால் தாங்கியபடி ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள். இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால் அக்ஸில் தொங்கி, பிறேக் குழாய் இழுபட்டு, ஸ்பிறிங் இடம்விட்டு உருளும்.

பின் ஷொக்கின் கீழ்க் கண்ணிலுள்ள ரப்பர் புஷ்ஷை இறுக்கும் விதத்தில்தான் பலர் தவறுகிறார்கள். அந்த ரப்பர் உள்ளேயும் வெளியேயும் இரும்போடு ஒட்டியது. சுழலாது, முறுகி நெகிழும். சில்லு தொங்கும்போது இறுக்கினால், கார் நிலத்தில் நிற்கும் நேரமெல்லாம் அது முறுகியபடியே இருந்து கிழியும். போல்ட்டைக் கையால் பிடிக்கவிட்டு, அக்ஸிலை ஜக்கால் வழமையான உயரத்துக்குத் தூக்கி, அல்லது காரை இறக்கியபின், இறுதி இறுக்கம் கொடுங்கள். லோவர் ஆம் புஷ், ஸ்டபிலைசர் புஷ் எதையாவது தளர்த்தியிருந்தால் அவற்றுக்கும் இதே விதி.

ஓட்டுவதற்கு முன்னும் பின்னும்

சில்லு நட்டுகளை எதிரெதிராக இறுக்குங்கள். பழைய டொயோட்டாக்களுக்கு 103 நியூட்டன் மீற்றர். ஸ்டியறிங்கை இரு முனைகளுக்கும் திருப்பி, பிறேக் குழாய் எங்கும் உரசவோ இழுபடவோ இல்லை என்று பாருங்கள். முதலில் ஒழுங்கைக்குள் மெதுவாக, பிறகு வீதியில். ஐம்பது நூறு கிலோமீற்றர் ஓடியதும் சில்லு நட்டுகளையும் மேல் நட்டுகளையும் மறுபடி சோதியுங்கள்.

கோடு போட்டு அப்படியே பூட்டினாலும் முன் ஸ்ட்ரட் மாற்றியபின் அலைன்மென்ட் (சில்லுகளின் நேரும் சாய்வும்) பார்க்கத்தான் வேண்டும். பார்க்காமல் ஓடினால் ரயரின் ஓரம் சில மாதங்களில் கம்பி தெரியத் தேய்ந்து, ஷொக்கில் மிச்சம் பிடித்த காசு ரயருக்குப் போய்விடும். கார் முன்னையதைவிடச் சற்று உயர்ந்தோ கடினமாகவோ தெரிந்தால் பயப்பட வேண்டாம். வாயு நிரப்பிய ஷொக் அப்படித்தான் இருக்கும். புதிதாகத் தட்டுச் சத்தம் கேட்டால் நடு நட்டையும் லிங்க் நட்டையும் முதலில் பாருங்கள்.

கழற்றிய ஷொக்கை வெட்டவோ நெருப்பில் போடவோ கூடாது. வழிந்த ஒயிலைப் போத்தலில் பிடித்துக் கராஜின் கழிவு ஒயிலோடு சேருங்கள். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். எங்கள் சுண்ணக்கல்லுக்குள் இறங்கியது நேரே குடிதண்ணீருக்குத்தான் போகும்.

மொறிஸ் மைனர், ஏ ஃபோர்ட்டி

இவற்றில் குழாய் ஷொக் கிடையாது. வார்ப்புப் பெட்டிக்குள் ஒயிலும், வெளியே ஒரு கையும் உள்ள லீவர் ஷொக். மாற்றுமுன் ஒயில் மட்டத்தைப் பாருங்கள். மூடியைச் சுற்றி நன்றாகக் கழுவித் துடைத்தபின்பே திறவுங்கள். ஒரு மணல் உள்ளே விழுந்தாலும் வால்வு கெடும். ஷொக் ஒயில் அல்லது எஸ்ஏஈ 20 தர மோட்டார் சைக்கிள் ஃபோர்க் ஒயில் விடலாம். எஞ்சின் ஒயிலோ பிறேக் ஒயிலோ விடக்கூடாது. விட்டபின் லீவரின் கையை மேலும் கீழும் முழுதாக அசைத்துக் காற்றை வெளியேற்றி, மறுபடி மட்டம் பாருங்கள். சுழல்தண்டின் பக்கத்தால் ஒயில் வழிந்தால் எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது. திருத்தியதோ வேறொன்றோ போடத்தான் வேண்டும்.

முன்பக்கத்தில் இந்த லீவரே சஸ்பென்ஷனின் மேல் கையாகவும் வேலை செய்கிறது. கீழ்க் கையை ஜக்கால் உறுதியாகத் தாங்காமல் லீவரைக் கழற்றினால், மைனரில் ரோர்ஷன் பாரும் (முறுகி ஸ்பிறிங்காக வேலை செய்யும் கம்பி) ஏ ஃபோர்ட்டியில் சுருள் ஸ்பிறிங்கும் ஒரே வீச்சில் விடுபடும். பின்பக்கம் இலகு: லிங்கைக் கழற்றி, போல்ட் இரண்டை எடுத்தால் பெட்டி கையோடு வரும். பூட்டும்போது லிங்கின் ரப்பரைக் கட்டாயம் மாற்றுங்கள். லீவர் எவ்வளவு நன்றாயிருந்தாலும் அந்த ரப்பர் தளர்ந்திருந்தால், லீவர் அசையத் தொடங்குமுன் கார் ஆடி முடித்துவிடும்.